கடைமடை வரை வேகம் போகிறதா? நூறு மீட்டர் ஓட்டத்தை இயற்பியலால் பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண், 48 கிலோ, நூறு மீட்டரை 14 நொடியில் ஓடுகிறாள். இரண்டு வருஷமாக அவள் ஓட்டத்தைப் பார்த்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஸ்டார்ட் சரியில்லம்மா." அவளும் அதை நம்பி இரண்டு வருஷமும் ஸ்டார்ட்டையே பழகினாள், முட்டி தேயத் தேயப் பழகினாள், 14 மட்டும் 14 ஆகவே நின்றது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளித் திடலில் காலை வேளையில் இந்தப் பிள்ளைகளோடு நிற்கிற ஆள் நான், படித்தது இயற்பியல். போன பங்குனியில் அவள் ஓட்டத்தை போனில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஸ்டார்ட்டில் பெரிய குறை எதுவும் இல்லை. அவள் நேரத்தைத் தொலைத்த இடமே வேறு.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று ஒரு படி விடாமல் இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும், மீதியைப் போகப் போகச் சொல்லிவிடுகிறேன்.

14 நொடி என்பது ஒரே எண். ஆனால் அதற்குள்ளே நாலு சங்கதி இருக்கிறது: சத்தம் கேட்டுக் கால் கிளம்பும் நேரம், வேகம் பிடிக்கும் நேரம், உச்ச வேகத்தில் போகும் நேரம், வேகம் வடிந்துபோகும் நேரம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறதே, அங்கிருந்து கடைமடை வரைக்கும் வழியில் எத்தனை மதகு, எத்தனை வாய்க்கால். கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் தலைப்பிலிருந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே வருவோம் இல்லையா, ஓட்டத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

தேவையான சாமான்: நொடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஸ்லோமோஷனில் எடுக்கும் போன், அதை நிறுத்த ஒரு டிரைபாட், 50 மீட்டர் டேப், ஏழு மூங்கில் குச்சி, சுண்ணாம்புத் தூள், ஒரு கிராஃப் தாள், எடை பார்க்கும் மெஷின்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

எங்கள் பிள்ளைகள் போன ஒரு தேர்வில் நேரம் எடுத்தவர் முடிவுக் கோட்டில் நின்றுகொண்டு, விசில் சத்தம் கேட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினார். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு அது வந்து சேர 0.29 நொடி ஆகிவிடுகிறது, அத்தனையும் ஓடுகிறவர் கணக்கில் குறைந்துபோகும். 14.0 ஓடிய பிள்ளைக்கு 13.7 என்று எழுதிக் கொடுப்பார்கள், வீட்டில் இனிப்பு வாங்குவார்கள், அடுத்த மாதம் மின்னணுக் கடிகாரம் இருக்கும் மைதானத்தில் 14.0 வந்ததும் பிள்ளை அழும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையால் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டார்ட்டர் கையில் இரண்டு கட்டைகளைக் கொடுத்து, அவை மோதுவதைக் கண்ணால் பார்த்து அழுத்துங்கள். அப்போதும் விரல் தாமதம் இருக்கும், அதனால்தான் நூறு மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம்.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை விட்டது நொடியில் நூறில் ஒரு பங்கில். அந்த வேகத்துக்கு அது தரையில் 7 சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம்.

போன் கேமராவில் 240 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 0.0042 நொடி. எங்கள் பெண் அந்த நேரத்தில் மூன்றரை சென்டிமீட்டர் போவாள். சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்குள் 27 சென்டிமீட்டர் போய்விடுவாள், அது பிரயோஜனப்படாது. சில போன்கள் 240 என்று போட்டுவிட்டு நடுவில் ஃபிரேம்களைத் தாமாகவே உண்டாக்கிச் சேர்க்கும், ஆகவே முதலில் ஓடுகிற ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் பத்து நொடி படம் பிடித்து, 2400 ஃபிரேம் வருகிறதா, ஒவ்வொன்றிலும் எண் ஒழுங்காக நகர்கிறதா என்று சரிபாருங்கள். பிளேயர் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். ஃபிரேமை எண்ணி 240ஆல் வகுப்பதுதான் நேரம்.

குச்சி நடும் இடம்

நிறைய பேர் தவறுவது இங்கேதான். பத்து மீட்டரில் குச்சியை நட்டுவிட்டு, கேமராவில் அந்தக் குச்சியைத் தாண்டும்போது பத்து மீட்டர் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கேமரா ஓர் இடத்தில் நிற்கிறது, குச்சி பக்கத்தில் இருக்கிறது, ஓடுகிறவர் இன்னும் தள்ளி ஓடுகிறார். கேமராவுக்கு நேரே நடு இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குச்சியும் ஆளும் ஒரே நேர்கோட்டில் வருவது சரியான தூரத்தில் இருக்காது. ரயில் ஜன்னலில் பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்துக் கோபுரம் மெதுவாகவும் நகர்கிற அதே சங்கதி.

வழி சுலபம், ஒத்த முக்கோணம் போதும். முதல் 30 மீட்டரைப் படம் பிடிக்க, 15 மீட்டர் குறிக்கு நேராக, ஓடும் பாதையிலிருந்து 10 மீட்டர் தள்ளி டிரைபாடை வையுங்கள். குச்சிகளைப் பாதையின் நடுக்கோட்டிலிருந்து கேமரா பக்கமாக 1 மீட்டர் தள்ளி ஒரு வரிசையில் நடுங்கள். கேமராவிலிருந்து குச்சி 9 மீட்டர், ஆள் 10 மீட்டர், ஆகவே நடுவிலிருந்து இருக்கும் தூரத்தைப் பத்தில் ஒன்பதாகக் குறைக்க வேண்டும். 0, 5, 10, 15, 20, 25, 30 மீட்டருக்கான குச்சிகள் முறையே 1.5, 6, 10.5, 15, 19.5, 24, 28.5 மீட்டரில் வரும். முழு நூறுக்கும் எடுக்க, கேமராவை 50 மீட்டர் குறிக்கு நேராக 25 மீட்டர் தள்ளி வைத்து, 0, 20, 40, 60, 80, 100க்கான குச்சிகளை 2, 21.2, 40.4, 59.6, 78.8, 98 மீட்டரில் நட்டால் சரி. போனை ஆளோடு சேர்த்துத் திருப்பலாம், ஆனால் டிரைபாட் இருந்த இடத்திலேயே சுழல வேண்டும், அரையடி கூட நகரக் கூடாது.

குச்சி உச்சியில் சிவப்புத் துணி கட்டினால் வீடியோவில் பளிச்சென்று தெரியும். அறுவடை முடிந்த வயலில் செய்வதாக இருந்தால் தரை வெடிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் நம் களிமண் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளக்கும், கணுக்கால் போய்விடும். திடலே நல்லது.

எதைப் பார்த்து எண்ணுவது? இடுப்பு. போட்டியில் முடிவுக் கோட்டைத் தாண்டுவது நெஞ்சுப் பகுதிதான் கணக்கு, தலையோ கையோ இல்லை. பயிற்சிக் கணக்குக்கு மட்டும் இடுப்பு வசதி, ஏனென்றால் உடம்பின் நிறை மையம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குனிந்து நிற்கும் ஸ்டார்ட்டில் இடுப்பு கோட்டுக்கு அரை மீட்டர் போலப் பின்னால் இருக்கும். நாங்கள் அந்த இடுப்புக்கு நேர் கீழேதான் 0 என்று டேப்பைப் பிடித்தோம்.

ஃபிரேம் எண்ணுவது

முதலில் கட்டைச் சத்தத்திலிருந்து உடம்பு முதன்முதலில் அசையும் வரை எண்ணுங்கள். எங்கள் பெண்ணுக்கு 51 ஃபிரேம், அதாவது 0.21 நொடி. சர்வதேசப் போட்டியில் 0.100 நொடிக்குள் கிளம்பினால் ஃபவுல். 2009 ஆகஸ்ட் 16இல் பெர்லினில் 9.58 ஓடிய உசைன் போல்ட்டுக்கு இது 0.146. அப்படியென்றால் இவள் நன்றாகப் பழகினாலும் இங்கே கிடைக்கப்போவது நொடியில் நூறில் ஐந்தாறு பங்கு. முதல் மதகு, பெரிய கசிவு இல்லை.

அடுத்து, முதல் அசைவை 0 என்று வைத்து ஒவ்வொரு குச்சிக்கும் நேரம். அவளுக்கு வந்தது இது:

5 மீட்டர் 1.50 நொடி, 10 மீட்டர் 2.30, 15 மீட்டர் 3.00, 20 மீட்டர் 3.66, 25 மீட்டர் 4.30, 30 மீட்டர் 4.93.

முழு ஓட்டத்தில்: 20 மீட்டர் 3.66, 40 மீட்டர் 6.17, 60 மீட்டர் 8.61, 80 மீட்டர் 11.13, 100 மீட்டர் 13.81. இதோடு 0.21 சேர்த்தால் 14.02.

இப்போது அடுத்தடுத்த நேரங்களைக் கழித்து 20 மீட்டரை வகுத்தால் ஒவ்வொரு துண்டிலும் சராசரி வேகம் வரும். 20–40இல் நொடிக்கு 7.97 மீட்டர், 40–60இல் 8.20, 60–80இல் 7.94, கடைசி 20இல் 7.46.

பார்த்தீர்களா. இந்த நாலு எண்ணை நோட்டில் எழுதியதும் பக்கத்தில் நின்ற பி.டி. சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கிராஃப் தாளில் ஒரு கோடு

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, நிதானமாகப் படியுங்கள்.

1920களில் ஏ.வி.ஹில் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர், 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர், ஓட்டக்காரர் உடம்பில் காந்தத் தகடு கட்டி, பாதையோரம் கம்பிச் சுருள்களை வரிசையாக வைத்து ஓடவிட்டார். காந்தம் தாண்டும்போது சுருளில் மின்சாரம் துள்ளும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஃபாரடே விதிதான். அந்த நேரங்களிலிருந்து கிடைத்த பாடம்: வேகம் முதலில் விறுவிறுவென்று ஏறி, அப்புறம் மெல்ல மெல்ல உச்ச வேகத்தை நெருங்குகிறது. காலித் தொட்டியில் ஆற்று மட்டத்திலிருந்து குழாய் வழியே தண்ணீர் நிரம்புவது போல, மட்டம் நெருங்க நெருங்க ஏறும் வேகம் குறையும். எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு நேர மாறிலி என்று பெயர்.

அந்த மாறிலியைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். கிராஃப் தாளில் கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் தூரம் என்று புள்ளிகளை வையுங்கள். தொடக்கத்தில் வளைவாகவும் நடுவில் நேர்கோடாகவும் வரும். எந்தத் துண்டு மிக வேகமோ அதன் இரண்டு புள்ளிகளையும் ஸ்கேலால் இணைத்து, கோட்டைக் கீழே நேர அச்சு வரை நீட்டுங்கள். கோட்டின் சாய்வு உச்ச வேகம். அது நேர அச்சை வெட்டும் இடம் நேர மாறிலி. காரணம், உச்ச வேகம் வந்த பிறகு தூரம் = உச்ச வேகம் × (நேரம் − நேர மாறிலி) என்று எளிமையாகிவிடுகிறது. 0 நொடியிலேயே முழு வேகத்தில் கிளம்பியிருந்தால் கோடு மூலையிலிருந்தே வந்திருக்கும். வேகம் பிடிக்க ஆன செலவு எவ்வளவோ அவ்வளவு தள்ளி வெட்டுகிறது.

எங்கள் பெண்ணுக்கு 40, 60 மீட்டர் புள்ளிகளை இணைத்தால் சாய்வு 8.2, வெட்டும் இடம் கிட்டத்தட்ட 1.3 நொடி.

போல்ட்டின் பெர்லின் ஓட்டத்தையும் போட்டுப் பழகுங்கள். 20 மீட்டருக்கு 2.89, 40க்கு 4.64, 60க்கு 6.31, 80க்கு 7.92, 100க்கு 9.58. மிக வேகமான துண்டு 60–80, சாய்வு 12.4. கோடு 1.48இல் வெட்டும், அதில் கிளம்பத் தாமதமான 0.146ஐக் கழித்தால் 1.33.

1.3, 1.33. ஏறக்குறைய ஒன்று! முதல்முறை பார்த்தபோது கணக்கில் தப்பு என்றே நினைத்து மறுபடி போட்டேன். தப்பில்லை. நேர மாறிலி மட்டும் ஒருவர் எவ்வளவு பலமாகக் கிளம்புகிறார் என்று சொல்லாது. உச்ச வேகத்தை அதனால் வகுத்தால்தான் தொடக்க முடுக்கம் வரும். அவளுக்கு 8.2 ÷ 1.3 = 6.3, போல்ட்டுக்கு 12.4 ÷ 1.33 = 9.3, இரண்டும் நொடி வர்க்கத்துக்கு மீட்டரில். தன் உச்ச வேகத்துக்குத் தகுந்த நேரத்தில்தான் அவள் வேகம் பிடிக்கிறாள், தரையைத் தள்ளும் பலம்தான் கூட வேண்டும். ஸ்டார்ட் நுணுக்கத்தை இன்னும் இரண்டு வருஷம் பழகி மாறிலியை 1.2க்குக் கொண்டுவந்தால்கூட மொத்தத்தில் கிடைப்பது 0.1 நொடி.

விசையும் திறனும்

நிறை × முடுக்கம். 48 × 6.3 = சுமார் 300 நியூட்டன், தொடக்கத்தில் அவள் பின்னால் தள்ளுகிற கிடைமட்ட விசை. அவள் எடை 470 நியூட்டன், ஆகவே எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கு ஆள் ஒப்பிட எப்போதும் கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள், இல்லாவிட்டால் குண்டான பையன் பலசாலியாகத் தெரிவான்.

வேகம் ஏற ஏற இந்த விசை நேர்கோட்டில் குறைந்துகொண்டே வரும், உச்ச வேகத்தில் காற்றைச் சமாளிக்கும் அளவுதான் மிஞ்சும். திறன் என்பது விசை × வேகம், ஆகவே பாதி வேகத்தில் அது உச்சம் தொடும்: தொடக்க விசை × உச்ச வேகம் ÷ 4. அவளுக்கு 620 வாட், 0.83 குதிரைத்திறன், கிளம்பி 0.9 நொடியில். அந்தக் கணத்தில் இப்படி ஆறு பெண்கள் சேர்ந்தால் வயலில் ஓடும் 5 எச்.பி. பம்புசெட்டுக்குச் சமம். இதை அவளிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. "நிமிராதே, குனிஞ்சே ஓடு" என்று முப்பது மீட்டர் வரைக்கும் கத்துகிறவர்கள் உண்டு. பாதத்திலிருந்து நிறை மையத்துக்குப் போகும் கோடு சராசரியாக எவ்வளவு சாய வேண்டும் என்பதை முடுக்கம்தான் முடிவு செய்கிறது: முடுக்கத்தை 9.8ஆல் வகுத்தால் வருவது அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட். கிளம்பும்போது அவளுக்கு 33 டிகிரி, 5 மீட்டரில் 11 அல்லது 12 டிகிரி, 10 மீட்டரில் வெறும் 6 டிகிரி. தள்ளும் விசை குறைந்த பிறகும் வம்பாகக் குனிந்திருந்தால் உடம்பு முன்னால் கவிழப் பார்க்கும், அதைத் தாங்கக் கால் முன்னால் போய் ஊன்றும், அது பிரேக். ஆகவே சாய்வைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், தள்ளுவதைச் சொல்லிக்கொடுங்கள், சாய்வு தானாக வரும்.

பாதம் தரையில் இருக்கும் நேரம்

வேகம் = அடி நீளம் × நொடிக்கு எத்தனை அடி (ஓடும்போது எடுத்துவைக்கும் எட்டைத்தான் இங்கே அடி என்கிறேன்). இது எல்லாருக்கும் தெரியும், இதற்குக் கீழே ஒரு படி இறங்க வேண்டும். போனைத் தரையோடு தாழ்த்தி வைத்து, 50 மீட்டர் பக்கம் ஒருமுறையும் 90 மீட்டர் பக்கம் ஒருமுறையும் பாதத்தை மட்டும் படம் பிடியுங்கள். பெரிய திரையில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் தெரியும்: சின்ன விரல் பக்கம் முதலில் மண்ணைத் தொடும், பாதம் அழுந்தும், குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்து போகும், கடைசியில் கட்டைவிரல் மண்ணைக் கிள்ளிவிட்டு எழும், பின்னால் ஒரு சின்னப் புழுதிக் கொத்து. தொட்டதிலிருந்து எழுந்தது வரை எண்ணுங்கள், எழுந்ததிலிருந்து அடுத்த கால் தொடும் வரை தனியாக எண்ணுங்கள்.

50 மீட்டரில் அவளுக்குத் தரையில் 29 ஃபிரேம், காற்றில் 27. ஓர் அடிக்கு 56 ஃபிரேம், 0.233 நொடி, நொடிக்கு 4.3 அடி, அடி நீளம் 1.91 மீட்டர்.

இதிலிருந்து எடைமேடை இல்லாமலே விசை கிடைக்கும். காற்றில் இருக்கும்போது புவியீர்ப்பு கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த முழு அடிக்கும் சேர்த்து இழுத்த கணத்தாக்கை (விசை × நேரம்)த் தரையில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் பாதம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தரையில் விழுந்துவிடும். ஆகவே தரையில் சராசரி செங்குத்து விசை = எடை × 56 ÷ 29, எடையைப் போல 1.93 மடங்கு. உச்சத்தில் இதை 1.57ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும், மூன்று மடங்கு எடை, 145 கிலோ. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் அடுக்குகிறார்களே, அதில் மூன்றரை சிப்பத்தை ஒற்றைக் காலில் ஒவ்வோர் அடிக்கும் தாங்குகிறாள், எட்டில் ஒரு பங்கு நொடிக்குள்.

2000ஆம் ஆண்டில் ஓட்டத்தை ஆராயும் அமெரிக்க அறிஞர் பீட்டர் வெயண்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இந்த இடத்தைத்தான் தொட்டது: வேக ஓட்டக்காரர்கள் மற்றவர்களை மிஞ்சுவது காலைக் காற்றில் சுறுசுறுப்பாக வீசுவதால் இல்லை, தரையை அதிக விசையோடு மிதிப்பதால்.

இனி 90 மீட்டர். தரையில் 33 ஃபிரேம், காற்றில் 27. அடி நீளம் 1.87தான், இரண்டு சதவீதம் குறைவு, பெரிய விஷயமில்லை. நொடிக்கு அடிகள் 4.3லிருந்து 4.0க்கு விழுந்துவிட்டது, அந்த வீழ்ச்சி முழுக்க அந்த நாலு ஃபிரேமில் இருக்கிறது. பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது. கால் தரையைத் தொட்ட ஃபிரேமில் நிறுத்தி இடுப்பிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்கள்: 50 மீட்டரில் பாதம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது, 90இல் இன்னும் ஒரு சாண் முன்னால் விழுந்தது. முன்னால் விழும் கால் முதலில் உடம்பைப் பின்னோக்கித் தள்ளித்தான் அப்புறம் முன்னோக்கித் தள்ளும்.

கடைமடையில்தான் தண்ணீர் ஏறவில்லை. உச்ச வேகத்திலிருந்து கடைசி 20க்கு அவளுக்கு விழுந்தது 9 சதவீதம். போல்ட்டுக்கும் விழுந்தது, 1.61இல் ஓடிய 20 மீட்டர் கடைசியில் 1.66 ஆனது, ஆனால் அது 3 சதவீதம். அவளுக்கும் 3 சதவீதமே விழுந்தால் கடைசி 20 மீட்டர் 2.68க்குப் பதில் 2.51, அதாவது 0.17 நொடி அங்கேயே கிடைக்கிறது.

காற்றும் தரையும்

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அவள் உடம்பளவுக்கு 8.2 வேகத்தில் காற்றில்லாத காலையில் சுமார் 13 நியூட்டன். எதிரே நொடிக்கு 3 மீட்டர் காற்று வந்தால் 25, பின்னாலிருந்து அதே காற்று தள்ளினால் 5. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆனியிலேயே மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கிற அந்தக் காற்றில் கிழக்கு நோக்கி ஓடி "நேரம் குறைஞ்சிருச்சு" என்று சந்தோஷப்படுவது வீண். சாதனைக்கு ஏற்கும் பின்காற்று அதிகபட்சம் நொடிக்கு 2.0 மீட்டர், அந்த அளவே சுமார் பத்தில் ஒரு பங்கு நொடியைக் குறைத்துவிடும். கருவி இல்லாதவர்கள் 50 மீட்டர் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் கொஞ்சம் இலவம்பஞ்சைப் பறக்கவிட்டு, பாதையை ஒட்டி 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று பாருங்கள். 5 நொடிக்குக் குறைவென்றால் அன்றைய நேரத்தைச் சாதனையாக எழுத வேண்டாம். எங்களுக்கு வழி, காலை ஆறு மணிக்கே எடுப்பது. முடியாத நாளில் இரண்டு திசையிலும் ஓடவிட்டுச் சராசரி பார்ப்போம்.

காவிரி மணலில் ஓடிப் பழகும் பிள்ளைகள் நிறைய. காலுக்குப் பலம் வரும், நல்லது. ஆனால் மணல் அமுங்கும்போது தள்ளும் ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது, தரையில் இருக்கும் நேரம் கூடும், ஆகவே அங்கே எடுத்த எண்ணைத் திடல் எண்ணோடு சேர்க்காதீர்கள். மழை பெய்து ஈரம் காயாத திடலும் அப்படித்தான். காலில் ஸ்பைக்ஸா, கான்வாஸா, வெறுங்காலா என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் என்ன செய்வது

ஒரே ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை, நடுவில் முழு ஓய்வு கொடுத்து எடுங்கள். மூன்றிலும் ஒரே துண்டில் நேரம் போனால்தான் அது குறை. எங்கள் பி.டி. சார் இந்த எண்களைப் பார்த்துவிட்டு அவள் ஸ்டார்ட் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார். வாரம் ஒருநாள் 120 மீட்டர் ஓட்டங்கள், நன்றாக ஓய்வெடுத்து ஒவ்வொன்றாக. தரையில் ஒட்டாமல் எழும்ப ஸ்கிப்பிங் கயிறு, கணுக்காலால் மட்டும் குதிக்கும் பயிற்சி. தொடைப் பின்தசைக்கு உடற்பயிற்சி. வேறு எதுவும் புதிதாக இல்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து, ஆனி மாசம், காற்று ஆரம்பித்துவிட்டதால் விடிந்தும் விடியாமலும் போய்க் குச்சி நட்டோம். முதல் 30 மீட்டர் பழையபடி 4.93. கடைசி 20 மீட்டர் 2.59. மொத்தத்தில் 0.09 நொடி குறைந்திருந்தது. வீடியோவை நான் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே அவள் வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து, 90 மீட்டரில் பாதம் தரையில் இருப்பதை விரலால் ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். "சார், 31," என்றாள்.